பொன்னுருக்க ஒரு வீடு

மாப்பிள்ளையைவிட மலர்ந்த முகத்தோடு இந்த மணவிழா மேடையின் நடுவே வீற்றிருக்கும் அவைத் தலைவர், எங்கள் சனசமூக நிலையத் தலைவர் தில்லைநாதன் ஐயா அவர்களே! முன்வரிசை முழுவதையும் பிடித்து முறுவலோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பந்தியுமாக இருக்கும் தாய்மார்களே! பின்னால் நின்று என்னைக் கைபேசியில் படமெடுக்கும் இளையோரே! மாலை வாடினாலும் மகிழ்ச்சி வாடாத மணமக்கள் அருட்செல்வன், சிவகௌரி அவர்களே! உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

நான் தாரிகா. மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரி. மானிப்பாயில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வேலி. தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். கைப்பிள்ளைக்காரிக்குத் தொடர்ந்து ஐந்து நிமிடம் கிடைப்பதே வரம் அல்லவா? இஞ்சாருங்கோ! பின்னுக்கு நிக்கிறவர்! பிள்ளைக்கு ஃபான் காத்து நேரை அடிக்குது, தொப்பியைப் போட்டுவிடுங்கோ! அவர் என் வீட்டுக்காரர். சிரிக்காதீர்கள் அவையோரே, உங்கள் பிள்ளைகளுக்காகவும் இப்படித்தான் கத்தியிருப்பீர்கள்.

இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி இருக்கிறது. காலையிலிருந்து எல்லோரும் அதைக் காதுக்குள்ளேதான் சொல்லிக்கொள்கிறீர்கள். மணமக்கள் என்னிடம், "மறைக்காமல் கதையுங்கோ" என்றார்கள். ஆகவே ஒலிவாங்கியிலேயே சொல்கிறேன். இவர்கள் இருவரும் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியின் மனநல விடுதியில் சந்தித்தவர்கள். சிலர் பல்கலைக்கழகத்தில் சந்திக்கிறார்கள். சிலர் முகநூலில் சந்திக்கிறார்கள். இவர்கள் விடுதியில் சந்தித்தார்கள். சந்தித்த இடத்தில் என்ன குற்றம்? சந்தித்த மனங்களில் என்ன குறை?

விடுதித் தோட்டத்தில் ஒரு பாத்தி மிளகாய் இருந்தது. தண்ணீர் விடுவது ஒருநாள் அருட்செல்வன் முறை, மறுநாள் சிவகௌரி முறை. அந்தப் பிள்ளை களைத்திருக்கும் என்று அவர் தன் முறை இல்லாத நாளிலும் விட்டார். அந்த மனுசன் சோர்ந்திருப்பார் என்று இவரும் தன் முறை இல்லாத நாளிலும் விட்டார். மிளகாய் என்ன செய்யும்? வேர் அழுகிச் சரிந்தது. தாதி வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ஆர் உதுக்கு இவ்வளவு தண்ணி விட்டது?" என்றார். "நான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கருணை கூடிக் கன்று செத்த கதையை வேறெங்கேனும் கேட்டிருக்கிறீர்களா? கன்று போனது, காதல் வேர்விட்டது!

பிறகு இருவரும் வீடு திரும்பினார்கள். அவர் தெல்லிப்பழையில் அண்ணன் கதிரவேலு வீட்டுக்கு. இவர் பண்டத்தரிப்பில் சின்னம்மா பாலேஸ்வரி வீட்டுக்கு. மாதம் ஒருமுறை கிளினிக். நாங்கள் திருவிழாவைப் பார்த்திருப்பதுபோல் அவர்கள் கிளினிக்கைப் பார்த்திருந்தார்கள். ஒருநாள் சின்னம்மா கேட்டாராம், "ஏன் பிள்ளை, மருந்தெடுக்கப் போறதுக்குத் தலையிலை பூ எதுக்கு?" சிவகௌரி சொன்ன பதில், "டொக்டர் சந்தோசமா இருக்கச் சொன்னவர்." சின்னம்மா அங்கே தலையாட்டுகிறார், பாருங்கள்!

கலியாணம் என்ற சொல் எழுந்தபோதுதான் கதவுகள் மூடத் தொடங்கின. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில்தான் உருக்கவேண்டும். பொன்வேலை செய்யும் பத்தர் வருவார், உறவு கூடும், மூத்தவர் ஒருவர் பொன்னை எடுத்துக் கொடுப்பார். ஆனால் மாப்பிள்ளைக்கு வீடு எங்கே? அண்ணன் வீட்டில் அவருக்கு இருந்தது ஒரு பின்னறை. கொண்டி வெளிப்பக்கம். கதிரவேலு அண்ணை, சொல்லட்டோ? தலையசைக்கிறார். அந்தக் கொண்டியைப் பூட்டியது கோபம் அல்ல அவையோரே, பயம். தம்பி இரவில் இறங்கிப் போய்விடுவானோ என்ற பயம். பிள்ளைக்குச் சளி பிடித்தாலே யன்னல் எல்லாம் சாத்துகிற எனக்கு அந்தப் பயம் விளங்கும்.

"என்ரை வீட்டிலை பொன்னுருக்கு நடவாது. நாளைக்கு அந்தப் பிள்ளை அழுதால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார் அண்ணன்.

சிவகௌரி தொலைபேசியில் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார். "அப்ப வீடு எடுப்பம்."

வாடகைக்கு வீடு தேடினார் அருட்செல்வன். பொய் சொல்லத் தெரியாத மனிதர் வீடு தேடினால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் கேட்டார்கள், "எங்கையிருந்து வாறியள், தம்பி?" "தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை இருந்தனான்." "ஓ, டொக்டரோ? இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ!" "இல்லை, நோயாளி." தேத்தண்ணி வரவில்லை. வாசல் படலைவரை கூட வந்து வழியனுப்பினார்கள், மிக மரியாதையாக!

கடைசியில் எங்கள் சின்னத் தெருவுக்கு, எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். வீட்டுக்காரி ஞானாம்பிகை அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "வாசல் முத்தம் கூட்டுவீரோ?" என்றார். "ஓம்." "பொழுதுபட விளக்கு வைப்பீரோ?" "ஓம்." "அப்ப வாரும். உம்மடை நோய் வருத்தத்தை நீர் பாரும், என்ரை வீட்டை நான் பாக்கிறன்."

வீடு கிடைத்தது. அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். "மூண்டு மாதம் தனிய இருந்து காட்டு. இடையிலை வருத்தம் கூடினால் கலியாணத்தை மறந்திட்டுத் திரும்பி வரவேணும்." ஒரு மனிதரின் மணமும் மானமும் அந்த மூன்று மாதத்தில் தொங்கின.

அந்த மாதங்களுக்கு எங்கள் வேலியும் நானும் சாட்சி. காலையில் மருதனார்மடம் சந்தைக்குப் போய் மரக்கறி நிறுக்கும் வேலை செய்வார். மாலையில் தானே சமைப்பார். அங்கே பண்டத்தரிப்பில் சிவகௌரி பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பார். விளக்கு வைத்ததும், மருந்து நேரத்துக்குச் சிவகௌரியின் தொலைபேசி அடிக்கும்.

"குளிசை போட்டாச்சே?"

"ஓம். நீர்?"

"ஓம்."

சிவகௌரி தொடர்வார், "என்ன கறி?"

"பருப்பு. அடிப்பிடிச்சுப் போச்சு."

"நல்லது, பானையைக் கழுவப் பழகுங்கோ."

காதலர் பேச்சில் கனிந்த பேச்சு எது என்று என்னைக் கேட்டால், "குளிசை போட்டாச்சே" என்ற அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன்!

மூன்றாம் மாதத்தில் ஒரு காலை. வேலியோரம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "தங்கச்சி, ரெண்டு மூண்டு நாளா நித்திரை இல்லை. இது எனக்குத் தெரிஞ்ச அறிகுறி. கிளினிக்குக்குப் போட்டு வாறன்."

"அண்ணை, கதிரவேலு அண்ணைக்குத் தெரிஞ்சால்...?"

"நானே அவருக்குச் சொல்லிப்போட்டன்."

தானே பஸ் ஏறினார். மறைத்திருந்தால் மணம் நிச்சயம். சொன்னதால் எல்லாமே ஐயம். ஆனாலும் சொன்னார்! அன்று பகல் முழுவதும் எனக்கு அடுப்பில் கை ஓடவில்லை. மாலை பஸ்ஸில் தானே திரும்பி வந்தார். மருந்தின் அளவை மாற்றியிருந்தார்கள். அன்றிரவு நித்திரை வந்தது. நோய் வராமல் இருப்பதுதானா சுதந்திரம்? இல்லை அவையோரே, இல்லை! நோய் வரும்போது தன் காலில் தானே போய், தன் காலில் தானே திரும்புவதுதான் சுதந்திரம்!

ஆனால் அண்ணன் இதை எப்படி எடுத்துக்கொண்டார்? மூன்று மாதமும் முடிந்தது, தம்பி நாள் குறித்து அவருக்குச் சொல்லியனுப்பினார். பொன்னுருக்கு நாள் வந்தது. பத்தர் வந்து உமியும் கரியும் மூட்டிவிட்டார். ஒழுங்கைச் சனம் முழுவதும் முற்றத்தில். பொன் தட்டத்தில். எடுத்துக் கொடுக்கவேண்டிய மூத்தவரைக் காணவில்லை. "தம்பி, சுபநேரம் முடியப்போகுது, ஆரெண்டாலும் எடுத்துத் தாங்கோ" என்கிறார் பத்தர். "கொஞ்சம் பொறுங்கோ" என்கிறார் மாப்பிள்ளை. பண்டத்தரிப்பிலிருந்து தொலைபேசி அடித்தபடி இருக்கிறது. எடுத்து என்ன சொல்வது?

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கதிரவேலு அண்ணை இறங்கினார். உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே நின்று, "நான் சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்" என்றார்.

அருட்செல்வன் எழுந்தார். முற்றத்தைக் கடந்தார். படலையைத் தன் கையால் திறந்தார். "அண்ணை, இது என்ரை வீடு. உள்ளை வாங்கோ. இருங்கோ."

என் தாய்மார்களே, இதை எண்ணிப் பாருங்கள்! வாழ்நாளெல்லாம் மற்றவர்கள்தான் அவரிடம் உள்ளே போ என்றார்கள், வெளியே வா என்றார்கள். அன்றுதான் முதல் முறையாக, இன்னொருவரை "வாங்கோ" என்று அழைக்க அவருக்கு ஒரு வாசல் இருந்தது! அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "வருத்தத்தை மறைச்சிருந்தால் நான் வந்திருக்க மாட்டன்ரா. சொன்னாய். அதுதான் வந்தனான்" என்றார். வந்தார்; இருந்தார்; பொன்னை எடுத்துக் கொடுத்தார். பொன் உருகியது. முற்றத்தில் உருகாதவர் எவர்?

அழாதேங்கோ கதிரவேலு அண்ணை, நல்ல நாள்.

ஆகவே அவையோரே, இரக்கத்தைக் கேட்டு நான் இங்கே வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பின்னறை இருக்கலாம். அதற்குள் ஒரு தம்பி இருக்கலாம், ஒரு மகள் இருக்கலாம். சோறு கொடுக்கிறீர்கள், மருந்து கொடுக்கிறீர்கள். ஒரு திறப்பு, ஒரு வீட்டுச் சாவி கொடுத்தீர்களா? ஒரு வேலை கொடுத்தீர்களா? வீடு கேட்டு வந்தால் தேத்தண்ணி கொடுத்தீர்களா? கொடுங்கள்! கொடுத்துப் பாருங்கள்! அவர்கள் உங்களை விருந்துக்கு அழைப்பார்கள்!

இன்னும் பேச ஆசைதான். ஆனால் மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொல்கிறார், "தங்கச்சி, கெதியா முடியுங்கோ. நாங்கள் வீட்டை போகவேணும்."

நாங்கள். வீட்டை. கேட்டீர்களா அவையோரே? இந்த இரண்டு சொல்லுக்குமேல் இந்த மேடையில் நான் என்ன சொல்ல? போங்கள் அண்ணை, கூட்டிக்கொண்டு போங்கள்! பொறுமையோடு செவிதந்த சபைக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. புதுவீடு புகும் இருவருக்கும் இந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் முதல் வணக்கம்!