ஓடுகாலி மேட்டுக் கல்லு

வெள்ளாங்கரைக்கு ரோடும் இல்லாத, பஸ்ஸும் இல்லாத காலம். அப்போ அந்த ஊரில் சிவனணைஞ்சா என்று ஒருத்தி இருந்தாளாம். புருஷன் பேரு இருளப்பன். கைப்பிள்ளை ஒண்ணு. ஒருநாள் விடிஞ்சு பாத்தா அவளைக் காணோமாம். பிள்ளையையும் காணோமாம்.

"கூலிக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி கூடக் கப்பலேறிட்டா ஓடுகாலி! தேடிப்போன எங்க அண்ணன் போன இடத்துலேயே ஏங்கிச் செத்துட்டானே!"

இருளப்பனோட தம்பி ஊரைக் கூட்டி வச்சு இப்படி அழுதானாம். அழுத கண்ணு காயுறதுக்குள்ளே அண்ணன் வயலிலும் அவனே ஏர் பூட்டினானாம்.

அப்போ ஊர் எல்லையில் விழுந்தது முதல் கல்லு. அதுக்குப் பிறகு, கல்யாணமாகிப் போற பொண்ணு ஒவ்வொருத்தியும் "உன்னை மாதிரி ஆகமாட்டேன்" என்று சொல்லி ஒரு கல்லு எறியணும். எறிஞ்சாங்க. ஆத்தா எறிஞ்சா, அவ ஆத்தா எறிஞ்சா. கல்லு இடுப்பளவு குவிஞ்சுபோச்சு. அதுக்கு ஓடுகாலி மேடு என்று பேரு.

அந்தத் தம்பி வம்சத்தில் வந்தவதான் முப்பிடாதி. அவளும் எறிஞ்சவதான். நாலு பேரு முன்னால வாய் திறக்காத பொண்ணு. பிள்ளை பெத்துத் தாய்வீட்டில் இருந்தப்போ தங்கச்சி வேலுக்கனிக்குக் கல்யாணம் வந்துச்சு. கைப்பிள்ளையோட ஒருத்தி எப்படித்தான் ஓடியிருப்பா? பால் கொடுக்கும்போதெல்லாம் முப்பிடாதிக்கு இதே யோசனை.

அந்தக் காலத்தில் கப்பலேறின கூலி ஜனங்க பேரையெல்லாம், வம்சம் தேடுறவங்களுக்காக இன்டர்நெட்டில் ஏத்தி வச்சிருக்காங்களாம். அவ எட்டாங்கிளாஸ் இங்கிலீஷை வச்சுப் போனில் எழுத்துக்கூட்டித் தேடினா. முதல் நாள் இல்லை. ரெண்டாம் நாள் இல்லை. மூணாம் நாள் வந்துச்சு.

சிவனணைஞ்சா, வயசு பத்தொன்பது, ஊரு வெள்ளாங்கரை. கீழ் வரியில் கைப்பிள்ளை. மேல் வரியில்? இருளப்பன். புருஷன் என்றே போட்டிருக்கு. மூணு பேரும் ஒரே கப்பல்.

கல்யாணத்தன்னைக்குக் காரு மேட்டுக்கிட்ட நின்னுச்சு. அப்பாவோட அண்ணன் பலவேசம் பெரியப்பா ஒரு கல்லை வேலுக்கனி கையில் திணிச்சாரு.

"எறி தாயி."

முப்பிடாதி ஓடிவந்து தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டா. "எறியாத கனி."

"ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? மாப்பிள்ளை வீட்டார் பாக்காங்க."

"இதைப் பாருங்க பெரியப்பா. கப்பல் பதிவு. புருஷன், பொண்டாட்டி, பிள்ளை."

"போனுல ஆயிரம் வரும். ஓடுனவ ஓடுனவதான்."

"ஓடுறவ புருஷனையும் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா ஓடுவா?"

கூட்டத்தில் யாரோ சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. போனைக் கூட்டத்துப் பக்கம் திருப்பிக் காட்டினா.

"பஞ்சம் பொழைக்கக் குடும்பமாப் போயிருக்காங்க. வயலுக்காகக் கூடப்பிறந்தவனே அண்ணனைச் செத்தவன்னு சொன்னான், அவளை ஓடுகாலின்னு சொன்னான். அதை நம்பி நம்ம பொம்பளைங்களே இத்தனை வருஷம் அவளை அடிச்சிருக்கோமே! நானும் அடிச்சேன் பெரியப்பா. இந்தக் கையாலதான் அடிச்சேன்."

வேலுக்கனி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டா. குனிஞ்சு, மேட்டிலிருந்தே இன்னொரு கல்லைப் பிடுங்கிப் பக்கத்து ஓடைக்குள் வீசினா. மாப்பிள்ளையும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து ஒண்ணைப் பிடுங்கி வீசினாரு.

வெள்ளாங்கரைப் பொண்ணு புகுந்தவீடு போகும்போது, பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கல்லை அந்த மேட்டிலிருந்து எடுத்து வீசிட்டுப் போறது இப்படி வந்த வழக்கந்தான். பேரும் மாறி, சிவனணைஞ்சா மேடு ஆயிட்டுது. மேடு இப்போ முழங்காலளவுதான் இருக்கு.

இருளப்பனோட வயலு மட்டும் இன்னும் பலவேசம் பெரியப்பா கையிலதான் இருக்கு.