பெற்றோர் சம்மதம்

— அதுக்காகக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஸ்கூல்ல வந்து சத்தம் போடுவீங்களா ராணி?

— பின்ன இன்னா பெரிய டீச்சர்? எம் பொண்ணு பவ்யாவுக்கு மீன்னா உசுரு. பத்து நாளா எந்தக் கொழம்பு வெச்சாலும் தட்டைத் தள்ளிட்டு வெறும் மோரு ஊத்தி துன்னுது. உயிரைக் கொன்னு விக்கறது பாவம்னு இங்க வெள்ளிக்கிழம வகுப்புல சொல்லிக் குடுக்குறீங்களாமே. கள்ளிக்குப்பத்துல அந்த மீனை வித்துதான் அவள வளக்குறேன்.

— அது நன்னெறி வகுப்பும்மா.

— சாமி பாட்டு, சாமி கதை, எதைத் துன்னா நரகம்னு பாடம். இதுக்குப் பேரு நன்னெறியா? உங்களுக்கு கவர்மெண்ட்டு சம்பளம் குடுக்குது. பெத்தவங்க சம்மதம் இல்லாம புள்ளைய மத வகுப்புல உக்கார வைக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே கீதாம். எங்கிட்ட மீன் வாங்குற வக்கீலம்மா சொன்னாங்க. யாரைக் கேட்டு உக்கார வெச்சீங்க?

— உங்களைக் கேட்டுத்தான். எய்டட் ஸ்கூல் நடத்துறேன், எனக்கும் சட்டம் தெரியும். எல்லா வீட்லயும் சம்மதப் படிவம் வாங்கிட்டுத்தான் ஆரம்பிச்சோம். இந்தாங்க உங்களோடது. கீழ கையெழுத்து இருக்கு பாருங்க.

— இது நான் போட்டது இல்ல. என்னுது கோணமாணன்னு இருக்கும். இது குண்டு குண்டா அழகா கீது. பவ்யா எழுத்து.

— பவ்யா, உள்ள வா. இதை யார் போட்டது?

— நான்தான் மிஸ். நன்னெறி வகுப்பு எடுக்குற சுரேகா மிஸ் போடச் சொன்னாங்க. ஊட்டுக்குக் குடுத்தனுப்புனா லேட்டாவும், அம்மா பேரை நீங்களே எழுதுங்கன்னாங்க. கிளாசுல எல்லாருமே போட்டோம்.

— கேட்டுக்கினீங்களா டீச்சர்? புள்ளைங்க கையாலயே கள்ளக் கையெழுத்து வாங்கிகினு, எம் பொழப்பைப் பாவம்ன்றீங்க. பெத்த பொண்ணை எனக்கே வேத்தாளாக்கிட்டீங்க.

— சத்தியமா எனக்கு இது தெரியாது ராணி. உட்காருங்க.

— நான் உக்காற வரல. நீ சொல்லுடி, நான் செய்யறது பாவமா? அதான் நான் ஆக்குனதைத் தொட மாட்டேன்றியா?

— அதுக்கில்லம்மா. பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும், ரொம்பப் புடிச்சதை விட்டாதான் மன்னிக்கும்னு மிஸ் சொன்னாங்க. உன் கையெழுத்தைப் போட்டேன்ல, அதான் துன்னாம கீறேன்.