குறைந்தபட்ச அகலம்

— இழுத்துப் பாருங்கோ இரத்தினேஸ்வரி அக்கா. அதுக்கு மேல போகாது.

— அதைத்தானே சொல்லுறன், சிவகுரு. இடப்பக்கம் முழுக்க மூட வேணும்.

— கேளுங்கோ அக்கா. கொம்பியூட்டர் திரையில நடுவில இருக்கிற இந்தக் கோட்டைப் பிடிச்சு இழுத்தா ரெண்டு பக்கமும் கூடிக் குறையும். ஆனா ஒண்டும் காணாமப் போகக் கூடாது. போனா பாவிக்கிற சனம் தேடித் திரியும். அதுதான் குறைஞ்ச அகலம் ஒண்டு போட்டிருக்கிறன். கொழும்பில நாங்கள் இப்பிடித்தான் செய்யிறது.

— கொழும்பை விடு. இஞ்ச பாவிக்கிறது நானும் என்னோட வேலை செய்யிற றம்ஸியாவும்தான். வலப்பக்கம் நிவாரணத்துக்குக் குடுக்கிற பாய், அரிசி, பருப்புக் கணக்கு. அதை ஆரும் பாக்கலாம். இடப்பக்கம் மூதூர்ச் சண்டையில கண்டதைச் சொன்ன சனத்தின்ர முகம். கந்தோருக்குள்ள ஆரும் சோதிக்க வந்தா ஒரு இழுவையில அது மறைய வேணும்.

— முழுசா நிப்பாட்டி விடலாமே.

— வெறுந்திரைக்கு முன்னால இருக்கிறவளை ஆர் நம்புவான்? அரிசிக் கணக்குத் தெரிய வேணும்.

— சரி, குறைஞ்ச அகலத்தைச் சைபராக்கிறன். வடிவில்லை, சொல்லிப்போட்டன். இப்ப இழுங்கோ.

— ஓம். முழுக்க மறைஞ்சு போட்டுது. அப்பாடா, இனி நான் நிம்மதியா இருப்பன்.

— நேற்று அந்த அண்ணரும் இதைத்தான் கேட்டவர்.

— எந்த அண்ணர்?

— துறைமுகத்தடி இன்ரநெற் கடையில. இஞ்ச கரண்ட் இல்லையே, அங்க போய்ச் சோதிச்சுப் பாத்தனான். பின்னால வந்து நிண்டார். முகத்தை மறைப்பமெண்டு இழுத்தனான், பாதியில நிண்டிட்டுது. சிரிச்சுப்போட்டு, இது மூடாதோ தம்பி எண்டார்.

— சோதிக்கப் பொய்ப் படமெல்லோ போடச் சொன்னனான்.

— அதில அகலம் சரியா விளங்காது அக்கா. உண்மைப் படம் ஒண்டே ஒண்டுதான் போட்டனான்.

— ஆரின்ர படம்?

— பூரணியின்ர.

— அந்தாள் வேற என்ன கேட்டவன்?

— நல்ல மனுசன் அக்கா. இது எங்கட மூதூர்ப் பிள்ளையெல்லோ, உயிரோட இருக்கிறாவோ எண்டு சந்தோசப்பட்டார். அன்புவழிபுரத்தில மாமி வீட்டில எண்டு சொன்னனான். ஏன் போனை எடுக்கிறீங்கள்?

— கதையாதை. றிங் போகுது. ஹலோ, மாமியோ? நான் இரத்தினேஸ்வரி. பூரணி நிக்கிறாவோ? எப்ப? ஆர் வந்தது? கொஞ்சம் பொறுங்கோ.

— என்னவாம் அக்கா?

— இண்டைக்குக் காலமை வான் ஒண்டில ரெண்டு பேர் வந்தவங்களாம். நிவாரணத்துக்குப் படம் சரிபாக்க வேணுமெண்டு பூரணியைக் கூட்டிக்கொண்டு போட்டாங்களாம்.

— அக்கா, நான் தெரியாமல்...

— மாமி இன்னும் லைனில நிக்கிறா. எங்கட கந்தோர் ஆக்கள்தானே எண்டு கேக்கிறா. இந்தா, நீயே சொல்லு.