ஒரு நாள் முன்னதாக நிறுத்தினோம்

நேற்றுக் காலையில் நான் முதலில் கவனித்தது ஒரு சின்னத் தாமதம். கறுப்புத் திரையில் ஒரு சொல்லை அடித்தேன். எப்போதும் உடனே வரும் பதில், ஒரு மூச்சு தயங்கி வந்தது.

மன்னியுங்கள், வணக்கம் சொல்லாமலே தொடங்கிவிட்டேன். அவைக்கு அணியாக வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் ஐயா அவர்களே, உயிர் காக்கும் மருத்துவர்களே, இரவைப் பகலாக்கும் செவிலி அம்மாக்களே, பெற்றோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் கேட்கவில்லையா? இதோ, மைக்கைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

உங்கள் பரிசோதனை முடிவுகளையெல்லாம் சுமக்கும் சர்வர், என் அத்தையின் பொறுப்பு. நான் அவருக்கு உதவி. அவருக்கு அது இயந்திரமா? இல்லை. காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் 'அப்டைம்' என்று அடிப்பார். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறேன் என்று அது சொல்லும். "என் தங்கம்" என்பார். மாமாவைக்கூட அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. சிரியுங்கள், மாமாவும் முன்வரிசையில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்றோடு அந்த எண் ஆயிரம் நாளாகியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கேடயம்.

ஆனால் நேற்று அந்தத் தயக்கம். நினைவகத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றது. அதைத் தின்னும் நிரல் யார் என்று கேட்டேன். ஒருவர் பெயரும் பெரிதாகத் தெரியவில்லை. அத்தை ஒவ்வொரு நிரலாக நிறுத்திப் பார்த்தார். இடம் திரும்பவில்லை. அப்படியானால் நினைவகம் கசிவது இயந்திரத்தின் அடிவயிற்றில், எல்லா நிரலையும் தாங்கும் அடிப்படை மென்பொருளில். அதை அடைக்கும் திருத்தம் எப்போதோ வந்து காத்துக் கிடந்தது. முழுவதுமாக நிறுத்தி எழுப்பினால்தான் அது ஏறும். ஆயிரம் ஆகட்டும் என்று அத்தை தள்ளிப்போட்டிருந்தார்.

அப்போது தொலைபேசி. அறுவை அறைச் செவிலி அக்கா.

"எம்மா, பாப்பாவ மேசைல படுக்க வச்சாச்சு. ரத்த ரிப்போர்ட் வந்தாத்தான் டாக்டர் கை வைப்பாரு. உங்க பொட்டி வாயத் திறக்க மாட்டேங்குதே?"

அத்தை என்னைப் பார்த்தார். "ஒரே நாள்தான்டி. இழுத்துப் பிடிச்சா தாங்காதா?"

"தாங்கும் அத்தை. பாப்பா தாங்குமா?"

அத்தை தொலைபேசியை எடுத்தார். ஆய்வகத்தை அழைத்தார். "முடிவைத் தாள்ல எழுதி ஆள்கிட்ட குடுத்து ஓட விடுங்க. அடுத்த பிள்ளைக்கும் இப்படிச் சிக்கக் கூடாது, பெட்டிய நிறுத்தப் போறேன்."

நிறுத்துவது எளிது, எழுப்புவது எளிதா? இத்தனை நாள் தூங்காத ஒன்று, கண் விழித்ததும் யார் யாரை எழுப்ப வேண்டும் என்று நினைவு வைத்திருக்குமா? ஓடுகிற நிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வார்டுகளுக்கு முடிவு அனுப்பும் நிரலை அத்தை என்றோ கையால் தொடங்கிவிட்டு அப்படியே விட்டிருந்தார். அது தானாக எழாது. "அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு, தானாக எழும்படி அதை அமைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்ட்டரைத் தட்டினார்.

திரை இருண்டது. விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு ஒரு விசிறி முனகியது. ஒரு வரி வந்தது. வரி வரியாக வந்தது. நிரல்கள் எல்லாம் எழுந்தன.

அதற்குள், தாளில் போன முடிவை வைத்தே அறுவை தொடங்கிவிட்டது. அந்தப் பாப்பா இன்று காலை மருந்தைத் துப்பினாளாம், அவள் அம்மா சொன்னார். துப்பட்டும். நன்றாகத் துப்பட்டும்.

பெரியோர்களே, நிற்காமல் ஓடியதற்குப் பெருமை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக ஓடியது? எதற்காக ஓடியது? கேட்டவருக்குப் பதில் சொல்லத்தானே ஓடியது? பதில் வராத ஓட்டத்துக்கு ஆயிரம் எதற்கு, பத்தாயிரம் எதற்கு? அந்த எண்ணைத் தான் பெற்ற பிள்ளையாக வளர்த்த என் அத்தை, யாரோ பெற்ற பிள்ளைக்காக அதைப் பூஜ்யமாக்கினார். அந்தக் கைதான் எனக்குப் பெரிது.

என்ன ஐயா? "பரவாயில்ல, கேடயத்த வச்சுக்கம்மா" என்கிறீர்களா? உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அத்தை சொல்லி அனுப்பியது இதுதான்: "எண்ணிக்கை தப்பு. வாங்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்." அத்தை அப்படிச் செய்யக்கூடியவர், ஐயா.

தடுமாறிய பேச்சைத் தாங்கிக்கொண்ட உங்கள் காதுகளுக்கெல்லாம் என் நன்றி, வணக்கம். கேடயத்தை இந்த மேசையிலேயே வைத்துவிட்டு இறங்குகிறேன்.