மாமியார் கேட்ட சங்கிலி

பசறையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் அக்கா மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம கவிதாவுக்குச் சீர் எதுவும் வேணாமாம். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அவ போட்டிருந்த சங்கிலியோட அனுப்புனா போதும்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க.”

“நல்ல மனசுதானேக்கா? அதுக்கு ஏன் அழுவுற?”

“அடியே, பழைய பேப்பர மணி மணியாச் சுருட்டி, தங்கக் கலர் பெயின்ட் அடிச்சு அவளே கோத்த சங்கிலிடி அது! தெரிஞ்சா கல்யாணமே நின்னுரும்.”

தங்கை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தங்க மோதிரம்னு அவங்க இவளுக்குப் போட்டாங்களே, அது?”

“கையக் கழுவுனதுமே வெரலு பச்சையாயிருச்சு.”

“அப்புறம் என்ன பயம்? மாமியாருக்கும் ஒண்ணு கோக்கச் சொல்லு.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அவ்ளோ பெரிய கழுத்துக்கு ஞாயித்துக்கெழமை பேப்பர்தான் காணும்.”