மூன்று அங்குலக் குழாய்

தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஆனாலும் வெறும் வயிற்றோடு வந்தவனுக்கு அது நல்லதுதான். வாக்குமூலம் எழுதுகிற தம்பிக்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். இன்றைக்கு எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, கராஜைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன்.

பெயர் தியாகலிங்கம். வயது ஐம்பத்து மூன்று. ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகிற வழியில் நீலத் தகரம் போட்ட கராஜ் என்னுடையது. படகு எஞ்சின்களும் தண்ணீர்ப் பம்புகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் இது கட்டாரில் பதினொரு வருடம் வெல்டிங்கில் அலுமினியம் ஒட்டிய கை. நான் ஒட்டிக் கொடுத்த எண்ணெய்த் தாங்கிகள் எத்தனையோ படகுகளில் இருக்கின்றன, உப்புக் காற்றிலும் ஒன்றுகூட ஒழுகவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. விசாரித்துப் பாருங்கள், எழுவைதீவு வரைக்கும் சொல்வார்கள்.

நிசாந்தன் கார்த்திகை மாதக் கடைசியில் வந்தார். புங்குடுதீவு மடத்துவெளிக்காரர், முப்பது வயதிருக்கும். அவர்களுடைய ஆட்களுக்கு முன்பு மாத்தறையில் புடவைக் கடை. இப்போது பெரும்பாலானவர்கள் கனடாவில். இவரும் அக்கா கஜானியும் மட்டும் ஊரோடு இருக்கிறார்கள். கொழும்பில் வாங்கிய ஒரு சாம்பல் நிற ஜப்பான் காரைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினார். பெற்றோல் எஞ்சின், டர்போ பூட்டியது.

"அண்ணை, மிதிச்சா ஒருக்கா மூச்சுப் பிடிச்சு நிண்டிட்டுத்தான் பாயுது. ஏதும் செய்ய ஏலுமோ?" என்றார்.

பொனற்றைத் திறந்தேன். டர்போ என்பது பெரிய மாயமில்லை, ஐயா. எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றும். அந்தச் சுற்றலில் மறுபக்கத்துக் காற்றாடி நல்ல காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் திணிக்கும். வடிகட்டிப் பெட்டியிலிருந்து டர்போவின் வாய் வரைக்கும் அந்தக் காற்று ஒரு குழாய் வழியாக வரவேண்டும். காரோடு வந்தது சுருக்கம் சுருக்கமான ரப்பர்க் குழாய். இரண்டு இடத்தில் மடங்கியிருந்தது. போதாததற்குச் சத்தத்தைக் குறைக்க நடுவில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி வேறு. எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தேன், உறிஞ்சலில் ரப்பரின் வயிறு ஒட்டிப்போனது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் யார்தான் ஓடுவார்கள்?

"செய்யலாம். ஆனா நான் தரேக்கைதான் நீர் எடுக்கவேணும். இடையிலை வந்து நெருக்கக் கூடாது" என்றேன்.

"ஓம் அண்ணை, நீங்கள் சொன்னபடி."

நல்ல பிள்ளை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

மூன்று அங்குல அலுமினியக் குழாய் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. வளைக்கும் இயந்திரம் என்னிடம் இல்லை. மணல் அடைத்துச் சூடாக்கி வளைத்தால் உள்வளைவு நெளிந்துவிடும். அதனால் குழாயைச் சாய்வாகச் சாய்வாகப் பதினான்கு துண்டுகளாக அறுத்தேன். துண்டோடு துண்டு சேர்த்து ஒட்டினால் வளைவு தானாக வரும். டர்போவின் வாய் சிறியது. கடைசி ஒரு சாணில் குழாயை மெல்ல மெல்ல ஒடுக்கிக் கொண்டுபோனேன், காற்றுக்கு ஒடுங்குகிறது என்றே தெரியாத மாதிரி. காற்றை அளக்கும் சென்சருக்கு முன்னால் நேரான துண்டு விட்டேன். அங்கே காற்று சுழன்றால் எஞ்சினுக்குக் கணக்குப் பிழைக்கும். பிறகு உட்புறம். ஒவ்வொரு ஒட்டையும் உள்ளே தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டால் எது ஒட்டு, எது குழாய் என்று தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தேன். பதினாறு நாள் அந்த வேலை மட்டும்தான்.

ஒரு முனையில் சாம்பிராணியைக் காட்டி மெல்ல ஊதியும் பார்த்தேன். மறுமுனையால் புகை கலையாமல் ஒரே கயிறாக வந்தது. என் மனைவி சுலோஜனா வாசலில் நின்று சிரித்தாள்.

"சாமிக்குக் காட்டாத சாம்பிராணியை இரும்புக்குக் காட்டுறியள்."

"இரும்பில்லை, அலுமினியம்" என்றேன்.

தை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் குழாயைக் காரில் பூட்டி முடித்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து எடுக்கச் சொல்லி நிசாந்தனுக்குப் போன் செய்தேன். ஆனால் ஓடிப் பார்க்காமல் ஒரு வேலையைக் கொடுப்பது என் வழக்கமில்லை. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கூட, ஐயா. எஞ்சினுக்கு ஒரே மூச்சில் அதிகம் கிடைக்கும். தை மாதத்து விடியலைப்போல நல்ல காற்று வருடத்தில் வேறு எப்போதும் கிடைக்காது. அதனால் ஞாயிறு காலை ஆறரைக்குக் காரை எடுத்தேன். நிசாந்தனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தானும் வருவேன் என்றிருப்பார். பக்கத்தில் ஆள் பேசிக்கொண்டிருந்தால் சத்தம் கேட்காது.

வேலணை தாண்டி, புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதியில் ஏறினேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேரான றோட்டு. பனி மூடியிருந்தது. முன்னால் ஐம்பது மீற்றர் தூரம் தெரிந்திருக்கும். மிதித்தேன். அந்தத் தயக்கம் போயே போய்விட்டது. எழுதுகிற தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியுமென்றால் நான் சொல்வது விளங்கும். மிதித்த கால் தரையைத் தொட முதல் கார் போய்விடும், அப்படி. முள் நூற்று முப்பதைத் தொட்டபோது ஒரு மெல்லிய விசில் கேட்டது. டர்போவின் சொந்தச் சத்தமா, என் இணைப்பு எங்காவது கசிகிறதா என்று எனக்குத் தெரியவேண்டும். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தேன்.

பம்பரின் இடது மூலையில் ஏதோ பட்டது. பெரிய சத்தமில்லை.

நிறுத்தினேன். நிறுத்தாமல் ஓடியவன் என்று யாரும் எழுதக் கூடாது. இறங்கி முதலில் பொனற்றைத் திறந்தேன். குழாய் ஒரு மயிரிழை நகரவில்லை. இணைப்புகளைச் சுற்றிக் கையை வைத்துப் பார்த்தேன், எங்கும் கசிவில்லை. விசில் டர்போவினுடையதுதான். மனதுக்குப் பெரிய ஆறுதல். அதன்பிறகு பின்னால் நடந்தேன்.

ஒரு ஸ்கூட்டி றோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அந்தப் பனியில் வேறு யாராவது வந்து மோதினால் அவர்களுக்கும் ஆபத்து. ஆகவே அதைத் தள்ளி ஓரத்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். போனும் மருந்துப் பையும் அதன் இருக்கைப் பெட்டிக்குள் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

ஸ்கூட்டி ஓட்டி வந்தவரா? அவர் விஷயத்துக்கு வருகிறேன், ஐயா. வரிசையாகச் சொன்னால்தான் எழுதவும் இலகு.

ஏழரைக்குக் கராஜுக்குத் திரும்பிவிட்டேன். பம்பரைக் கழுவித் துடைத்தேன். இடது மூலையில் கீழ் விளக்கின் கண்ணாடி கொஞ்சம் உடைந்திருந்தது. காரின் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். எட்டு மணிக்கு நிசாந்தன் வந்தார். நேரே பொனற்றுக்குத்தான் போனார். குழாயின் வளைவைக் கடைசி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, இதை மூடி வைக்க மனமில்லை" என்றார்.

அதுவரை என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் ஏறி இருந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் நான் ஜன்னலருகில் போய்ச் சொன்னேன்.

"தாம்போதியிலை மெல்லப் போம். இடப்பக்கம் பார்த்துப் போம்."

"ஏன் அண்ணை, மாடு நிக்குதோ?" என்று சிரித்தார். போய்விட்டார்.

இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்பதரைக்கு வலை எடுக்க வந்தவர்கள் ஸ்கூட்டி ஓட்டி வந்தவரைக் கண்டார்கள். யார் என்பது உங்களுக்குத் தெரியும். அஜந்தா. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், மருத்துவிச்சி. என் மகள் நிமலினி பிள்ளை பெற்றிருந்தபோது மழைக்குள்ளும் வீட்டுக்கு வந்து பார்த்தவர். அன்று புங்குடுதீவில் பிள்ளை பெற்ற ஒருத்திக்குக் காய்ச்சல் என்று போன் வந்து, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கிளம்பினாராம்.

கண்ணாடித் துண்டு தாம்போதியில் கிடைத்தது. மடத்துவெளியில் நின்ற காரோடு அது பொருந்தியது. அந்த வழியில் அப்படி ஒரு சத்தத்தோடு அன்று காலை ஒரு கார் போனதாகக் கடற்றொழிலாளர் ஒருவர் சொன்னார். நிசாந்தன் வேகமாக ஓடுவார் என்பது ஊருக்கே தெரியும். உங்கள் ஆட்கள் என்னிடமும் வந்தார்கள். கார் ஒரு கீறல்கூட இல்லாமல் என் கராஜிலிருந்து போனது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நிசாந்தனைப் பிடித்து விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

நான் ஈரமில்லாதவன் அல்ல. சுலோஜனாவையும் கூட்டிக்கொண்டு கஜானியைப் பார்க்கப் போனேன். அந்தப் பிள்ளை அழுதது.

"அவன் இல்லையெண்டு சொல்லுறான் அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ, அவன் பொய் சொல்லுற ஆளோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். அவர்களுடைய தண்ணீர்ப் பம்பு இழுக்காமல் கிடந்தது, அதைக் கழற்றித் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி அஜந்தா விஷயம். அவர் உடனே சாகவில்லை என்று மருத்துவர் நீதிமன்றத்தில் சொன்னார். கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறார். தொடை எலும்பு உடைந்து இரத்தம் போயிருக்கிறது. தன்னுடைய சால்வையைக் கிழித்து, பேனையைக் கொடுத்து முறுக்கி, தன் காலைத் தானே கட்டியிருக்கிறார். கட்டு மிகச் சரியான இடத்தில் இருந்தது என்றார் மருத்துவர். எனக்கு அதைக் கேட்கும்போது ஒரு மரியாதை வந்தது. தொழில் தெரிந்த கை வலியிலும் பிழை விடாது.

ஓம், ஐயா. நான் பார்த்தேன். ஸ்கூட்டியைத் தள்ளியபோது கரைக் கற்களுக்குக் கீழே அவர் இருந்தார். படுத்திருக்கவில்லை, கல்லில் சாய்ந்து இருந்தார். என்னை அடையாளம் கண்டார்.

"தியாகண்ணை, நல்லகாலம் நீங்கள் வந்தது. என்னைக் காரிலை ஏத்துங்கோ. நேரம் போனா ஏலாது."

இடித்தது நான் என்றே அவர் நினைக்கவில்லை. உதவிக்கு வந்ததாக நினைத்தார். அதுதான் என்னைக் குழப்பிவிட்டது. ஏற்றினால் கார் எங்கே நின்றது, எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். கார் என்னுடையதல்ல. இருக்கைகளுக்கு வெள்ளை உறை. எட்டு மணிக்கு வேலையைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குழாயோடு ஆஸ்பத்திரிக்கு ஏழு நிமிடம் போதும். நின்ற இடத்திலேயே கணக்குப் பார்த்தேன்.

"இரும் தங்கச்சி, ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

"கெதியா வாங்கோ அண்ணை" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. நிசாந்தனை அனுப்பினேன். அதுவும் இந்தத் தீவுகளிலேயே வேகமான காரில் அனுப்பினேன். இடப்பக்கம் பார்க்கச் சொல்லியும் அனுப்பினேன். அவர் பார்க்கவில்லை. மருத்துவர் சொன்ன கணக்கின்படி அப்போதும் அஜந்தாவுக்கு உயிர் இருந்திருக்கிறது.

ஏன் இன்றைக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். நிசாந்தன் ஏழு வாரமாக உள்ளே இருக்கிறாரே என்றா? அவருக்கு நல்ல சட்டத்தரணி இருக்கிறார், எப்படியும் வெளியே எடுத்திருப்பார். விஷயம் அதுவல்ல. முந்தநாள் வழக்குக்கு நானும் போயிருந்தேன். காரைப் பரிசோதித்தவரின் அறிக்கையை அந்தச் சட்டத்தரணி எழுந்து நின்று சத்தமாக வாசித்தார். தரக்குறைந்த, உள்ளூரில் கையால் செய்த குழாயாம். ஒட்டு வெடித்ததாம். அதனால் காற்றுக் கட்டுப்பாடில்லாமல் புகுந்து, எஞ்சின் தானாகவே வேகமெடுத்ததாம். ஓட்டியவர் மேல் குற்றமில்லையாம், குழாய்தான் குற்றவாளியாம். பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். என்னிடம் தாங்கி ஒட்டுவித்த ஒரு படகுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஏழு வாரமும் நன்றாகத் தூங்கியவன் நான். அன்று முதல் தூக்கமில்லை.

அந்த வெடிப்பு ஓடும்போது வந்ததல்ல, ஐயா. பரிசோதிக்கக் கழற்றியவர் இறுக்குப் பட்டியைத் தளர்த்தாமல் நெம்பியிருக்கிறார். முந்தநாள் குழாயை நீதிமன்ற மேசையில் வைத்துக் காட்டியபோதே விளிம்பில் நெம்பிய தடத்தைக் கண்டேன். அதுவும் போக, டர்போவுக்கு முன்னால் இருக்கிற குழாய் வெடித்தால் எஞ்சின் இருமும், தானாகப் பாயாது. காற்று எவ்வளவுதான் வந்து நின்றாலும் உள்ளே விடுகிற கதவு அதற்கு அப்பால் இருக்கிறது. அதைத் திறப்பது மிதிக்கிற கால். அன்று மிதித்த கால் என்னுடையது.

ஆகவே அந்த அறிக்கையில் ஒரு பந்தி பிழை. குழாயில் எந்தக் குறையும் இல்லை என்று திருத்தி எழுதுங்கள். அதை நீதிமன்றத்தில் அதேபோலச் சத்தமாக வாசிக்கவும் வேண்டும். நிசாந்தன் என்று வருகிற இடங்களில் என் பெயரைப் போடுங்கள். காரை ஓட்டியவர் இறங்கி வந்து, ஸ்கூட்டியைக் கையால் தள்ளிவிட்டு, அந்தப் பெண் உயிரோடு இருப்பது தெரிந்தே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். தேநீர் வரும்வரை மேசையில் கிடந்த கோப்பில் அதை நான் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். அதில் திருத்த ஒன்றுமில்லை, நல்ல வேலை.