சனிக்கிழமைச் சுற்று

— கியரைக் குறை, டெலித். இந்த மேட்டுல அந்தக் கியர்ல மிதிச்சா முட்டிதான் போகும்.

— எதைத் திருகணும்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எம்லினோட சைக்கிள் இது. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல வாங்கினாரு. அதுல இருந்து கொட்டகைலதான் தொங்கிட்டு இருந்துச்சு.

— வலது கைப் பக்கம். ஒவ்வொண்ணா இறக்கு. பரவால்லையா இப்ப?

— கொஞ்சம் பரவால்ல. நில்லேன், எலினெட். ஒரே ஒரு நிமிஷம்.

— மேட்டுல நிக்கக் கூடாது. நின்னா மறுபடி ஏறி மிதிக்க முடியாது. என்ன வேணும் உனக்கு? கடைல பாக்கும்போது சொல்லலாமே.

— கடைல எங்க பேச விடுற நீ? என்னைப் பாத்ததும் எடுத்த பாலை அப்படியே வச்சிட்டுக் கிளம்பிடுற. சர்ச்சுல பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுற. ரெண்டு வருஷமாச்சு. சனிக்கிழமை ஆனா நீ பாலத்தைத் தாண்டிப் போறதை எங்க சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பாப்பேன். ரோட்டுல பிடிச்சா எங்கயும் போக முடியாதுன்னு நினைச்சேன்.

— சைக்கிள்ல இருக்கறவ எங்கயும் போக முடியாதுன்னு நினைச்சியா. நல்லா இருக்கு.

— வேகமா மிதிச்சுப் போயிடுவியோ?

— நான் எப்பவும் மெதுவாதான் போவேன். வாயால மூச்சு வாங்காத. தோளைத் தளர்த்து.

— இன்னும் எவ்ளோ தூரம், பாரேன், எனக்குக் கண்ணெல்லாம் இருட்டுது.

— மேட்டு உச்சிக்குப் போகணும். அந்தப் பக்கம் இறங்கி ஏரிக்கரையோட போகணும். அப்புறம் சின்னதா ஒரு ஏத்தம், ஒரு டீக்கடை, அப்புறம் ஊரு. சுமாரான சுத்துதான்னு சொல்வாங்க.

— சுமாரா? எவன் சொன்னான் அப்படி?

— ஹெலெத் சொல்வா.

— ம்.

— என் பொண்ணு பேரை நீ சொல்லலாம், டெலித். அவ உயிரோடதான் இருக்கா.

— எப்படி இருக்கா?

— புதுக் கால் போட்டிருக்காங்க. முதல்ல குடுத்தது தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கிடுச்சு. இது பரவால்ல, படி ஏறுறா. ஈரம் அதிகமானா இல்லாத பாதம் அரிக்குதுங்கறா.

— இல்லாத பாதமா?

— ஆமா. எங்க சொறியறதுன்னு கேட்டுட்டு அவளே சிரிப்பா. எனக்குச் சிரிப்பு வராது.

— இது அவளோட சைக்கிளா?

— அவளோடதுதான். பின்சக்கரம் மட்டும் புதுசு. சும்மா கிடந்து துருப்பிடிக்குது, நீயாவது ஓட்டும்மான்னா. முதல் தடவை வந்தப்ப இந்த மேட்டுல பாதில இறங்கி உக்காந்து அழுதேன்.

— அவளை நினைச்சா?

— மேட்டை நினைச்சு. ஓரமா போ, பின்னாடி வண்டி வருது.

— ஐயோ.

— போயிடுச்சு. கண்ணைத் திற. சைக்கிள் ஓட்டும்போது யாராவது கண்ணை மூடுவாங்களா?

— சத்தம் கேட்டாலே தானா மூடிக்குது. நீ எப்படித் தாங்கிக்கற இதை?

— தாங்கிக்கல. ஓரமா போறேன். அவ்வளவுதான்.

— எலினெட், காலு ரெண்டும் கல்லாயிடுச்சு.

— வந்தாச்சு. இதுதான் உச்சி. இறங்கிக்கோ. தண்ணி இருக்கா? இந்தா, குடி.

— கீழ தெரியறது ஏரிதானே. அந்த ரோட்டுப் பக்கமே நான் போறதில்ல. ஆட்டுச் சந்தைக்குக்கூட மலையைச் சுத்திதான் போறோம்.

— தெரியும். பாத்திருக்கேன். திரும்பிப் போறதா இருந்தா இங்கயே திரும்பிக்கோ. முழுக்க இறக்கம்தான்.

— இல்ல, வரேன். அதுக்கு முன்னாடி வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். வியாழக்கிழமை என் பையனை விடறாங்க, டெயானை.

— ம்.

— உனக்குத் தெரியுமா?

— ஜெயில்ல இருந்து ஒருத்தன் வரான்னா இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது. சொல்லு.

— அவன் வீட்டுக்கு வரலாமா? அதைத்தான் கேக்க வந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நாங்க. இருக்கறது ஒரே கடை, ஒரே ரோடு. ஹெலெத் கதவைத் திறந்தா எங்க முற்றம் தெரியும். காலைல எந்திரிச்சு அவ முதல்ல பாக்கற முகம் அவனோடதா இருக்கக் கூடாதில்ல. நீ வேணாம்னா வேணாம். லிவர்பூல்ல என் தம்பி கூரை போடற வேலை எடுத்துச் செய்யறான். அவன்கிட்ட அனுப்பிடறேன்.

— பண்ணையை யார் பாப்பா?

— எம்லினும் நானும் முடிஞ்ச வரைக்கும். முடியலைன்னா ஆடுங்களை வித்துட வேண்டியதுதான்.

— எம்லின் என்ன சொல்றாரு?

— அவர் எங்க சொல்றாரு. ஆட்டுக்கிட்ட எதாவது சொல்றாரோ என்னவோ, எங்கிட்ட சொல்றதில்ல. நீ சொல்லு.

— ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடி. முன்னாடி பிரேக்கை மட்டும் பிடிச்சா தலைகுப்புற விழுவ. கீழ ரோட்டுல குறுக்க இரும்புக் கம்பி பதிச்சிருக்கும், ஆடு தாண்டாம இருக்க. அதுல நேரா போ, வளைக்காத.

— நான் கேட்டதுக்கு இது பதிலா?

— இறங்கற வரைக்கும் பேசாத. காத்துல ஒண்ணும் கேக்காது.

— எலினெட். எலினெட், நில்லு.

— என்ன, விழுந்துட்டியா?

— இல்ல. இந்த வளைவுலதானே அவ அடிபட்டா?

— ஆமா.

— நான் இறங்கி நடந்தே வரேன். இதுமேல ஓட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல.

— உன் இஷ்டம். வெறும் தார்தான். ஆரம்பத்துல நானும் இறங்கி அடையாளம் தேடினேன். ஒண்ணும் இல்ல, மழைல எல்லாம் போயிடுச்சு. அந்தக் கல்லுச் சுவர் மட்டும் வண்டி இடிச்சுச் சரிஞ்சு கிடந்துதாம். அதையும் யாரோ எடுத்துக் கட்டிட்டாங்க.

— எம்லின்தான் கட்டினாரு. மறுநாள் விடியறப்ப வந்து, ஒத்தை ஆளா. யார்கிட்டயும் சொல்லிடாத.

— எம்லினா?

— வீட்டுக்கு வந்து கையைக் கழுவிட்டு ரொட்டி சாப்பிட்டாரு. நான் கேக்கல, அவரும் சொல்லல. கைல கல்லு கிழிச்ச காயத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன்.

— நல்லாதான் கட்டியிருக்காரு. ஏறு, போலாம். காத்து திரும்புது, மழை வரும்.

— நில்லு, நில்லு. அங்க பாரு, பள்ளத்துல ஒரு ஆடு மல்லாந்து கிடக்குது.

— தூங்குதோ?

— ஆடு எங்கயாவது மல்லாந்து தூங்குமா. கம்பளி நனைஞ்சு கனத்துப் போச்சு, புரள முடியல. இப்படியே விட்டா வயிறு உப்பிச் செத்துடும். சைக்கிளைப் பிடி.

— உதைக்கப் போகுது.

— உதைச்சா நல்லதுதான், தெம்பு இருக்குன்னு அர்த்தம். ஹோய். வா வா வா. அவ்வளவுதான். சைக்கிளைக் கீழ போட்டுட்டு இங்க வா எலினெட், அந்தப் பக்கம் அணைச்சுப் பிடி. விட்டா மறுபடி சாயும். காலுக்கு ரத்தம் வரணும்.

— உங்க ஆடா?

— இல்ல, நீலக் குறி போட்டிருக்கு. எங்களோடது சிவப்பு. முட்டியால முட்டுக்குடு, கையை எடுத்துடாத.

— எவ்வளவு நேரம் பிடிக்கணும்?

— அதுவா நிக்கற வரைக்கும்.

— நடுங்குது பாரு.

— நடுங்கட்டும். பாரேன், நம்ம ரெண்டு பேரும் இவ்ளோ பக்கத்துல நின்னு எவ்ளோ நாளாச்சு.

— ம். டெலித், கோர்ட்டுல உங்க வக்கீல் வெயில் கண்ணுல அடிச்சுதுன்னாரு.

— ஆமா.

— உங்க பையன் எந்திரிச்சு, இல்ல, ஃபோனைப் பாத்துட்டே வண்டி ஓட்டினேன்னான்.

— ஆமா. வக்கீல் தலைல கை வச்சுக்கிட்டாரு.

— அன்னைக்கு உன் முகத்தைப் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன். சரி, இது நிக்குது. விடலாமா?

— விடு. போ போ. பாத்தியா, ஒரு நன்றிகூட இல்ல.

— டீக்கடை பக்கம்தான். கையைத் துடைச்சுக்கோ.

— அப்பாடா, உக்கார ஒரு பலகை. இனிமே என்னை எழுப்பாத.

— இந்தா டீ. கல்லுல சுட்ட கேக் சூடா இருந்துச்சு, அதுவும் வாங்கினேன். சாப்பிடு, உதடெல்லாம் நீலமாயிருக்கு.

— சாப்பிடறேன். இப்பவாவது சொல்லு. அவன் வரட்டுமா, வேணாமா?

— அவனை நீ போய்ப் பாத்தியா?

— ஒரு தடவை போனேன். அவன் வெளிய வரல. அம்மா இங்க வந்து என்னைப் பாக்க வேணாம்னு சொல்லி அனுப்பிட்டான். அப்புறம் ஃபோன் மட்டும்தான். ஆடு குட்டி போட்டுச்சா, வைக்கோல் உள்ள வந்தாச்சா, இதுதான் பேச்சு. கூட்டிட்டு வரக்கூட வர வேணாங்கறான். ஆள் வருதாம்.

— சொன்னானா அப்படி?

— எந்த ஆளோ. உள்ள பழகின எவனாவது இருப்பான்.

— டெலித், நீ என்ன கேக்க வந்தன்னு நீ பாலத்துல ஏறினப்பவே தெரியும். எப்படிக் கேப்பன்னுதான் பாத்துட்டு வந்தேன். சின்னப் பையன், தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சுடுன்னு ஆரம்பிச்சிருந்தா உன்னை மேட்டுலயே விட்டுட்டு வந்திருப்பேன்.

— அதைக் கேக்க எனக்கு வாய் இல்ல.

— நான் மன்னிக்கல. அது தெரிஞ்சிருக்கட்டும் உனக்கு.

— தெரியும்.

— ஆனா அவன் இங்க வரலாமா கூடாதான்னு சொல்ற ஆள் நான் இல்ல. அதை ஹெலெத் சொல்லணும்.

— அவகிட்ட நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய்க் கேப்பேன்?

— நீ கேக்க வேண்டியதில்ல. போன குளிர்காலத்துல இருந்து மாசாமாசம் அவனைப் பாக்கப் போயிட்டிருக்கா.

— யாரு?

— ஹெலெத்துதான். முதல் தடவை திட்டறதுக்குன்னே போனா. வந்து, முழுசா திட்டி முடிக்கலம்மா, அடுத்த மாசமும் போகணும்னா. அப்புறம் என்ன பேசிக்கறாங்கன்னு நான் கேக்கல. யார்கிட்டயும் சொல்லாதன்னா, சொல்லல.

— என்னைப் பாக்க மாட்டேன்னவன் அவளைப் பாத்தானா?

— அவளைப் பாக்க மாட்டேன்னு அவனால எப்படிச் சொல்ல முடியும்?

— அவ்ளோ தூரம் அந்தக் காலோட எப்படிடி போறா?

— நான்தான் கார்ல கொண்டு போறேன். உள்ள போனதில்ல. வாசல்ல கார்லயே உக்காந்திருப்பேன்.

— அப்ப வியாழக்கிழமை வர ஆளு...

— அழுகையை வீட்டுல போய் வச்சுக்கோ, டீ ஆறுது.

— என்னை வர வேணாம்னுட்டானே, எலினெட்.

— கார் என்னோடது, அவனோடது இல்ல. முன்சீட்டு ஹெலெத்துக்கு, அவளுக்குக் காலை நீட்டணும். நீ பின்னாடி அவன் பக்கத்துல உக்காந்துக்கோடி.